சாண எரிவாயுக் குழாயில் கசிவைக் கண்டறிதல்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் எங்களிடம் கொண்டு வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "காஸ் போதவில்லை." உடனே நாங்கள், "மாடு எத்தனை? தினம் எவ்வளவு சாணம் கரைத்து ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்போம். 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் தேவை. அது குறைந்தால் காஸும் குறையும். ஆனால் சாணம் சரியாகப் போட்டும் காஸ் போதவில்லை என்றால் எங்கே தேடுவது? இதில் நானே ஒருமுறை தவறு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஊரில் ஓர் உழவர் வீட்டில் மிதக்கும் டிரம் வைத்த கலன். காலையில் இட்லி வேகும் முன்பே அடுப்பு அணைந்துவிடுகிறது என்றார். நான் கலனை எட்டிப் பார்த்துவிட்டு, சாணம் பற்றவில்லை என்று சொல்லி வந்துவிட்டேன். என் பேச்சை நம்பி அவர் அக்கம்பக்கத்தில் விலை கொடுத்துச் சாணம் வாங்கி இரண்டு மாதம் ஊற்றினார். பயனில்லை. கலனையே மூடிவிட்டு விறகுக்குத் திரும்பலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். மறுமுறை நான் போனபோது அவருடைய தாயார் திண்ணையிலிருந்தபடியே கேட்டார்: "ராத்திரி யாரும் சமைக்கிறதில்லையே தம்பி, பொழுது விடிஞ்சா டிரம்மு எப்படி இறங்கிக் கிடக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. பட்டப்படிப்பும் மேற்படிப்பும் படித்த நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அடுப்பு எரியாத இரவில் டிரம் மேலே ஏறத்தான் வேண்டும். இறங்கினால் காஸ் வேறு வழியாகப் போகிறது என்று பொருள். குழாயை ஒட்டி நடந்து பார்த்தோம். கொட்டகைக்குப் பின்னால், குழாயில் சேரும் தண்ணீரை இறக்கும் வால்வு ஒரு சிறு குழிக்குள் சருகு மூடிக் கிடந்தது. அங்கே 'டீ' இணைப்பின் மரை துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. மழை நாளில் அந்தக் குழியில் தேங்கும் தண்ணீரில் குமிழி வருவதை வீட்டுப் பிள்ளைகள் பார்த்து விளையாடியிருக்கிறார்கள். பெரியவர்கள் காதுக்குத்தான் அது எட்டவில்லை.

அந்த அம்மையாரின் கேள்வியையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சாக்குக்கட்டி ஒன்று போதும். இரவுச் சமையல் முடிந்ததும் கலன் மேலுள்ள தலைமை வால்வை இறுக மூடுங்கள். தொட்டியின் விளிம்புக்கு நேராக டிரம்மில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோடு விளிம்பிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மறுநாளும் அதே அளவு சாணம் ஊற்றி, அதே நேரத்தில் கோடு போட்டு, இம்முறை தலைமை வால்வைத் திறந்து வைத்து, அடுப்புத் திருகுகளை மட்டும் மூடிவிடுங்கள். இரண்டு காலையும் டிரம் ஒரே அளவு ஏறியிருந்தால் குழாயில் பெரிய கசிவு இல்லை. இரண்டாம் நாள் குறைந்தால் குழாய் ஒழுகுகிறது. முதல் நாளே ஏறவில்லை என்றால், ஒன்று டிரம்மில் ஓட்டை, அல்லது உண்மையாகவே காஸ் உற்பத்தி குறைவு. ஒன்றேகால் மீட்டர் விட்டமுள்ள டிரம் 10 செ.மீ. ஏறினால் அதில் சுமார் 120 லிட்டர் காஸ் சேர்ந்திருக்கிறது என்று கணக்கு. தீனபந்து போன்ற நிலையான கூடமுள்ள கலனில் டிரம் கிடையாது. அங்கே சாணக் கரைசல் வெளியேறும் தொட்டியில் மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று இதேபோலப் பார்க்க வேண்டும்.

குழாய்தான் என்று தெரிந்த பிறகு, தண்ணீர் அழுத்தமானி கொண்டு சோதிக்கலாம். பெயர்தான் பெரிது. ஒன்றரை மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூபை ஒரு பலகையில் 'ப' எழுத்து வடிவில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய இரண்டு சொட்டு மை விட்டால் கருவி தயார். அடுப்பில் நெருப்பில்லாமல், சன்னல் கதவுகளைத் திறந்து வைத்து, தலைமை வால்வை மூடிய பிறகு, அடுப்பிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி இந்த டியூபின் ஒரு முனையில் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். இப்போது தலைமை வால்வைத் திறந்தால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். டிரம் கலனில் இரண்டு மட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. வித்தியாசம் இருக்கும். நிலையான கூடக் கலனில் இது பல மடங்கு உயரும். அதற்கு ஆள் உயரப் பலகையும் நீண்ட டியூபும் வேண்டும், இல்லையேல் தண்ணீர் வெளியே பீய்ச்சிவிடும். பிறகு தலைமை வால்வை மூடிவிட்டு 10 நிமிடம் பாருங்கள். வித்தியாசம் குறையாமல் நின்றால் குழாய் நன்றாக இருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் ஏமாந்து போவோம். முதலாவது வெயில். அடைபட்ட குழாய் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினாலே உள்ளழுத்தம் சுமார் 3½ செ.மீ. தண்ணீர் அளவு ஏறிவிடும். ஆறினால் அவ்வளவு இறங்கும். மேகம் வந்து வெயில் மறைந்ததைக் கசிவு என்று நினைத்து நல்ல குழாயை வெட்டியவர்கள் உண்டு. ஆகவே வெயில் ஏறும் முன் விடியற்காலையில் சோதியுங்கள். இரண்டாவது, தலைமை வால்வே சரியாக மூடாமல் காஸை உள்ளே விட்டுக்கொண்டிருந்தால், குழாய் ஒழுகினாலும் மட்டம் இறங்காது. வால்வை மூடியபடி டியூபை ஒருமுறை கழற்றி அழுத்தத்தை வெளியேற்றி மீண்டும் மாட்டுங்கள். மட்டம் தானே ஏறினால் வால்வு பழுது.

மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் முக்கியம். 20 மீட்டர் நீளமும் 20 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாய் சுமார் 6 லிட்டர் கொள்ளும். அதில் 10 செ.மீ. அழுத்தம் இறங்க 60 மில்லி லிட்டர் காஸ் வெளியேறினால் போதும். 10 நிமிடத்தில் அது இறங்கினால் ஒரு நாளைக்கு இழப்பு 9 லிட்டர்தான். இட்லி வேகாததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அதுவே 10 விநாடியில் இறங்கினால் நாளுக்கு 500 லிட்டருக்கு மேல். 2 கன மீட்டர் கலனின் காஸில் நாலில் ஒரு பங்கு, ஓர் அடுப்பை ஒரு மணி நேரம் எரிக்கும் காஸ், காற்றோடு போகிறது. சிறிய கசிவு சமையலைப் பாதிக்காவிட்டாலும், அது அடுக்களைக்குள் இருந்தால் அன்றே அடைத்துவிட வேண்டும்.

கசியும் இடத்தைக் காட்டிக் கொடுப்பது சோப்புத் தண்ணீர். நன்றாக நுரைக்கக் கரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் எல்போ, டீ, சாக்கெட், வால்வின் தண்டு, ரப்பர் குழாயின் இரு முனைகள் என ஒவ்வொன்றாகத் தடவி, ஒவ்வோர் இடத்திலும் சற்று நின்று பாருங்கள். இதைச் செய்யும்போது குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும், தலைமை வால்வைத் திறந்தே வையுங்கள். அவசரக்காரனுக்குச் சிறு குமிழி தென்படாது. நான் பார்த்தவரை நேர்க்குழாய் ஒழுகுவது குறைவு, இணைப்பும் ரப்பர் குழாயும் ஒழுகுவதே மிகுதி. ரப்பர் குழாய் முனையை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மரை இணைப்பைப் பிரித்துத் துடைத்து டெஃப்ளான் டேப் சுற்றி முறுக்க வேண்டும். மேலே எம்-சீல் பூசி ஒப்பேற்றினால் நாளடைவில் பெயர்ந்துவிடும். வெயிலில் கிடந்து நொறுங்கும் பி.வி.சி. குழாயும், எலி கடித்த குழாயும், மண்வெட்டி பட்ட குழாயும் தனி.

தீக்குச்சி கொளுத்திக் கசிவைத் தேடும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். மூக்கையும் நம்ப வேண்டாம். சாண வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைடு சிறிது உண்டு. ஆனால் கொட்டகை நாற்றத்தில் அது தெரியாது, சிறிது நேரத்தில் மூக்கும் பழகிவிடும். அடுக்களையில் காஸ் தேங்கியதாகச் சந்தேகம் வந்தால் மின்விளக்குச் சுவிட்சைத் தொடாமல், கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து தலைமை வால்வை மூடுங்கள்.

கலனில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே நச்சு வாயு இருக்கும், மூச்சுக்குக் காற்று இருக்காது. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். டிரம்மில் ஓட்டை என்றால் அதைக் கலன் மேல் வைத்தபடியே வெல்டிங் செய்வதும் அதே அளவு ஆபத்து. காஸை வெளியேற்றி, டிரம்மைத் தூக்கித் தனியே எடுத்து, கழுவிக் காயவிட்டுத்தான் பட்டறைக்காரரை அழைக்க வேண்டும். திரும்ப மாட்டியபின் முதலில் சேரும் காஸில் காற்று கலந்திருக்கும். அதை எரிக்காமல் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள்.

பலகையும் டியூபும் கொண்டு வந்திருக்கிறேன். இங்குள்ள கொட்டகைக் கலனின் குழாய் ஒழுகுவதாகப் பணியாள் காலையில் சொன்னார். வாருங்கள், வெயில் ஏறும் முன் போய் மாட்டிப் பார்ப்போம். தாய்மார்கள் முன்னால் நில்லுங்கள்.