கண்ணுக்கு லேசர்: நாள்பட்ட நோயுள்ளோர் செய்ய வேண்டிய ஆயத்தம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரமணாசிரமம் பகுதியில் வாழும் நம் குடும்பங்களில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிது. எங்கள் தாயாருக்கும் பதினான்கு ஆண்டுகளாக அந்நோய் உண்டு. விழித்திரையில் பாதிப்பு தொடங்கிவிட்டது, லேசர் சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் கூறினார். "கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்கு நெருப்பு வைக்க வேண்டும்?" என்றார் தாயார். நாங்களும் இசைந்தோம். நோன்பு முடியட்டும் என்றோம்; பிறகு தங்கையின் நிக்காஹ் முடியட்டும் என்றோம். ஏழு மாதங்கள் சென்றன. ஒரு நாள் ஃபஜ்ரு வேளையில், வலக்கண்ணில் ஒட்டடை தொங்குவதுபோல் இருக்கிறது என்றார். உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. இன்று அக்கண்ணில் நிழலாட்டம் மட்டுமே தெரிகிறது. இடக்கண்ணை மூன்று தவணை லேசர் காப்பாற்றியது. குற்றம் எங்களுடையதே. அதை ஒப்புக்கொள்ளவே இங்கு நிற்கின்றோம்.

அன்பர்களே, இந்த லேசர் பார்வையைக் கூட்டுவதற்கன்று; இருப்பதைக் காப்பதற்கு. சர்க்கரையால் பழுதுற்ற விழித்திரையில் புதிய, வலுவற்ற இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை உடைந்தால் பார்வை போகும். விழித்திரையின் ஓரங்களில் லேசர் ஒளியால் சுடும்போது அக்குழாய்கள் சுருங்குகின்றன. கடும் பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வு 1976-இல் அறிவித்தது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் சற்றுக் குறையலாம். அதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

ஆயத்தங்கள் யாவை? சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அண்மைப் பரிசோதனைச் சீட்டுகளையும், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகக் கோளாறும் ஒவ்வாமையும் இருந்தால் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. பட்டினி கிடந்து சர்க்கரையைச் சடுதியில் இறக்குவதும் தவறு. அதனால் விழித்திரை மேலும் கெடக்கூடும். மருத்துவர் வேறு விதமாகக் கூறினாலன்றி, உணவையும் மருந்தையும் வழக்கம்போல் கொள்ளுங்கள். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதை ஏற்பதில் தயக்கம் வேண்டாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டாதீர்கள், துணையுடன் செல்லுங்கள். நம் ஊருக்கே உரிய ஒன்று: பௌர்ணமி நாளைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள், கிரிவலக் கூட்டத்தில் செங்கம் சாலையைக் கடப்பது அரிது.

கண்ணாடியைக் கழற்ற இளைஞர்கள் நாடும் லேசர் வேறு. அது கருவிழியின் வடிவை மாற்றுவது. கட்டுப்படாத சர்க்கரையும் முடக்குவாதமும் உள்ளோருக்குப் புண் ஆறுவது தாமதமாகும். மருத்துவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

நோய் இருப்பதால் முடங்க வேண்டியதில்லை என்பதற்கு மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி சான்று. இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார், 2006-இல் மறைந்தார். நம்மருகே புதுச்சேரியிலும் அம்மருத்துவமனை உண்டு.

ஆகவே, சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் கண் தெளிவாய்த் தெரிந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுங்கள். தனியே செல்ல இயலாத முதியோரை ஜும்ஆவுக்கு அழைத்து வருவதுபோல் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பை நம் இளைஞர்கள் ஏற்க வேண்டுகிறோம். எங்கள் வீட்டில் நேர்ந்த தாமதம் உங்கள் வீட்டில் நேராதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக! வஸ்ஸலாம்.