துறைமுகம் வளர்ந்தது, நம் பிள்ளைகளின் வேலை?

(ராயபுரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தின் கிரேன் தெரிகிறது. அதன் கீழே இன்று வேலை செய்பவர்கள் யார், யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள், எத்தனை வருடமாக நிலைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்ல முடியும்?

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை மூட்டையாகத் தோளில் இறங்கிய சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போனது. பலர் பல நாள் செய்த வேலையைக் கிரேன் சில மணி நேரத்தில் முடித்தது. 1996-ல் பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டது. 2001-ல் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. அதே ஆண்டு எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011-ல் நீதிமன்ற உத்தரவின்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாள்வது நின்றது. நம் தெருக்களில் கரித்தூள் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்தச் சரக்கை நம்பியிருந்த கூலிகளின் கதி?

வேலையே இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வேலை உருமாறிவிட்டது. கன்டெய்னர் கிடங்கு, டிரெய்லர், கிளியரிங் ஏஜென்சி, செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் பதிவு என்று எல்லாம் தனியார் சேவைத் தொழில்களாகிவிட்டன. இவற்றில் பலவற்றுக்கும் இடையில் ஒரு காண்ட்ராக்டர் நிற்கிறார்.

வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2018 முதல் மாதந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. அதில் ஆள் சப்ளை, காண்ட்ராக்ட், செக்யூரிட்டி எல்லாம் ‘நிபுணர் சேவைகள்’ என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. பல மாதங்களில் நிகரமாகக் கூடிய உறுப்பினர்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தத் தலைப்பில்தான்! காண்ட்ராக்டர் மாறினால் அதே வாயிலில் நிற்கும் அதே காவலாளி ஒரு மாதம் ‘விலகியவர்’, அடுத்த மாதம் ‘மீண்டும் சேர்ந்தவர்’. ஒரு மாதக் கணக்கைப் பார்த்து மகிழ்வதோ பதறுவதோ வீண். பத்து வருடம் தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-லிருந்து நடக்கிறது. 2025 முதல் அதன் விவரங்கள் மாதந்தோறும் வருகின்றன. அது நாட்டைச் சொல்லும், மாநிலத்தைச் சொல்லும். காசிமேட்டுத் தெருவைச் சொல்லாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு போடுங்கள். வயது, படிப்பு, என்ன வேலை, நேரடியா காண்ட்ராக்டா, எத்தனை மாதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று ஆறே கேள்விகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே கேள்விகள். ஊரை விட்டுப் போனவரையும், வேலையை விட்டவரையும் அழிக்காதீர்கள்; குறித்து வையுங்கள். ஐந்தாம் ஆண்டில், எந்தத் தொழில் நம் பிள்ளையை ஏற்றிவிடுகிறது, எது இரண்டு வருடத்தில் துப்பிவிடுகிறது என்று உங்கள் பதிவேடே பேசும். எந்தப் பயிற்சிக்கு உதவித்தொகை தருவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வணிகர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உழைக்கும் முஸ்லிம்களில் சுமார் 61 விழுக்காட்டினர் சுயதொழிலில் இருப்பதாக 2006-ல் சச்சார் குழு சொன்னது. அப்படியானால் நம்மில் பலர் முதலாளிகளும்கூட. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் இ.எஸ்.ஐ., இருபது பேரானால் பி.எஃப். உண்டா? இல்லையென்றால் அடுத்தவன் கம்பெனியைக் கேள்வி கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இளைஞர்களே! வேலையில் சேரும் அன்றே நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை உங்கள் உரிமையாக்கியுள்ளன. பி.எஃப். எண்ணைக் குறித்து வையுங்கள். காண்ட்ராக்டர் மாறலாம், அந்த எண் மாறக் கூடாது.

கணக்கு இல்லாத சமுதாயம் கெஞ்சத்தான் முடியும். கணக்கு வைத்திருக்கும் சமுதாயம் கேட்க முடியும். பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதுவோமா?