கட்டு யார் போடலாம்?



புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் நடவு நேரத்தில் வரப்பு வழுக்கிக் கணுக்கால் பிசகுவது சகஜம். வில்லியனூர்ச் சாலையில் வண்டி சறுக்கி, கையை ஊன்றி விழுகிறவர்களும் உண்டு. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வைப்பாங்க, கட்டு வைத்தியரே போதும்’ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார். சிலர் ஆந்திராவிலுள்ள புத்தூருக்கே வண்டி பிடிப்பார்கள். இப்போது அந்த வரிசையில் ஜப்பான் வைத்தியமும் வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சின்ன முதலியார்சாவடிக் கடலோரத்தில் ஆரோவில்லின் ‘கொயட்’ மையம் இருக்கிறது. அங்கே ‘வாட்சு’ என்றொரு முறை. உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் ஆளை மல்லாக்க மிதக்கவிட்டு, தலையை ஒரு கையில் தாங்கி, தோள், முதுகு, இடுப்பு என்று மெல்ல அசைத்து நீட்டிவிடுவார்கள். ஜப்பானிய ஷியாட்சுவைப் படித்த ஹெரால்ட் டல் என்ற அமெரிக்கர், 1980 வாக்கில் கலிபோர்னியாவின் வெந்நீர் ஊற்றுகளில் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோனார். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மார்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கால்கள் தாங்குகின்றன; சூடு தசையைத் தளர்த்துகிறது. கட்டுப் பிரித்தபின் விறைத்துப்போன மூட்டுக்கு அது இதம். ஆறாத புண்ணோடு மட்டும் இறங்கக் கூடாது.

ஷியாட்சு என்பது கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் அழுத்துவது. அதைப் பரப்பிய தொகுஜிரோ நமிகோஷி 1905இல் பிறந்தவர். மூட்டுவலியில் துடித்த தாய்க்கு அழுத்திவிட்டே சிறுவயதில் பழகினாராம். 1954இல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு உடம்பு முடியாமல் போனபோது இவரைத்தான் அழைத்தார்கள். வலி தணிய, தூக்கம் வர இது உதவலாம். முறிந்த எலும்பின் மேல் மட்டும் விரல் வைக்க விடாதீர்கள்.

என் கவனத்தை இழுத்தது வேறொன்று. நம் ஊரில் சிலம்ப ஆசானே சுளுக்கும் வழித்துவிடுவார் அல்லவா? ஜப்பானிலும் ஜுஜுத்சு என்ற தற்காப்புக் கலையின் ஆசான்கள்தான் சீடர்களுக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வைத்தியத்தை அரசு ஒழிக்கவில்லை, கண்டும் காணாமலும் விடவில்லை. 1920இல் அங்கீகாரம் கொடுத்தது. 1970இல் தனிச் சட்டம் போட்டது. குறைந்தது மூன்று வருஷம் படித்து, தேசியத் தேர்வில் தேறினால்தான் உரிமம். சுளுக்கு, அடி, தசைப்பிடிப்பை அவர்களே பார்க்கலாம். எலும்பு முறிந்தாலோ மூட்டு நழுவினாலோ முதலுதவி மட்டும். அதற்கு மேல் தொட டாக்டரின் சம்மதம் வேண்டும்.

எனக்குப் பொறாமை இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான். நம் கட்டு வைத்தியர்களில் கைராசிக்காரர்கள் இல்லாமலில்லை. ஆனால் எக்ஸ்ரே இல்லாமல் மூங்கில் தப்பை வைத்து இறுக்கினால் உள்ளே வீக்கம் ஏறும்போது இரத்தம் ஓட வழியிருக்காது. தசை செத்துப்போகும், கையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. சுளுக்கா முறிவா என்பதை விரலால் தொட்டுச் சொல்ல எவராலும் எல்லா நேரமும் முடியாது. அதனால் படம் முதலில், தைலம் பிறகு.

யார் போட்ட கட்டானாலும் சரி, விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, விரலை நீட்டிவிடும்போது உயிர்போகிற மாதிரி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும் இரவிலும் அவசர சிகிச்சை உண்டு. வண்டிக்கு 108.