தாகமும் தாழ்ப்பாளும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டொக்டர் மேடையேறினால் சீனி, பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று தண்ணீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் 'ஒருசீர்த்திடநிலை' என்று ஒரு சொல்லைப் பாடமாக்கினோம். இதற்கான ஆங்கிலச் சொல்லை 1926-இல் உருவாக்கியவர் வால்டர் கெனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர். வெளியே என்ன நடந்தாலும் உடலின் உள்ளே வெப்பம், சீனி, உப்பு, தண்ணீர் எல்லாம் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். காலையில் பூனாகலைப் பனியில் நடுங்குகிறோம். அன்றைக்கே பஸ் ஏறி வெல்லவாயப் பக்கம் இறங்கினால் சட்டை நனைய வியர்க்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் உடல் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ்தான்.

தண்ணீர்க் கணக்கும் அப்படியே. வியர்க்கும்போது இரத்தத்தில் தண்ணீர் குறைந்து உப்புச் செறிவு ஏறுகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம் ஏறினாலே மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் அதை அறிந்துவிடும். உடனே தாகம் எடுக்கும். கபச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஓர் ஓமோனும் இரத்தத்தில் கலந்து, 'தண்ணீரை மிச்சம் பிடி' என்ற செய்தியைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு வடித்து, ஒன்றரை லீற்றர் போல மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. நரம்புத் தொகுதி அறிகிறது, அகஞ்சுரக்கும் தொகுதி செய்தி சொல்கிறது, கழிவகற்றும் தொகுதி வேலையைச் செய்கிறது.

எங்கள் மலைநாட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளப்படும். தண்ணீர் கூடிவிட்டதென்று உடல் கணக்கெடுத்து அந்த ஓமோனைக் குறைக்கும். அதனால் சிறுநீர் அதிகம் போகும். தாகமோ குளிரில் மந்தம். இழப்பது கூட, குடிப்பது குறைவு.

இவ்வளவும் நம்மைக் கேளாமல் நடப்பவை. ஒரு கதவின் சாவி மட்டும் நம் கையில் இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்ததும் முண்ணாண் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. 'இப்போது போகலாம்' என்று அனுமதி கொடுப்பது மூளை. போக ஓர் இடம் இருந்தால்தானே அனுமதி கொடுக்கலாம்?

இங்கேதான் விஞ்ஞானப் பாடம் நம் வீட்டுக்குள் வருகிறது. பிரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி குடித்துவிட்டு, கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பகல்வரை தண்ணீரைத் தொடாத அம்மாமாரை எல்லோருக்கும் தெரியும். பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இல்லை என்று வீடு போகும்வரை குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடல் குறை சொல்லாமல் சிறுநீரை இறுக்கிச் சமாளிக்கும். ஆனால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர் வழி குட்டையானது, ஆகவே கிருமி ஏறுவது சுலபம். கர்ப்பிணிக்கு அது சிறுநீரகம்வரை ஏறினால் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். சிறுநீரகக் கல்லும் இந்த வழியில் வரும். இடுப்பு வலிக்கென்று டைக்குளோபினக், ஐபுபுரூபன் போன்ற குளிசைகளைத் தண்ணீர் காய்ந்த உடம்பில் அடிக்கடி போட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து பாதிப்பு வரும். சீனியும் பிரஷரும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

நமது பதுளை மாவட்டத்திலேயே, கீழே கிராந்துருகோட்டைப் பகுதியில், காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. வடமத்திய மாகாணத்தில் அது 1990களிலிருந்து அறியப்பட்டது. குடிநீர், விவசாய இரசாயனம், வெப்பத்தில் நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும் இளம் தொழிலாளர்களுக்கு இதுபோன்ற நோய் வந்தது. அங்கே தண்ணீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் வேலையின் பகுதியாக்க முயன்றார்கள். நம் மலை அந்தப் பகுதி அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் தண்ணீர் குடிக்க நேரமும் இடமும் கொடுப்பது சலுகை அல்ல, சுகாதாரம் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

தங்கைகளே, சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. கடும் மஞ்சளானால் குடிக்கப் போதவில்லை. எரிச்சல், காய்ச்சல் என்றால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இருதய, சிறுநீரக நோயுள்ள அக்காமார் மட்டும் டொக்டர் சொன்ன அளவில் குடியுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஏதாவது கட்டுவோம் என்று பேசுகிறோம். கட்டுவதற்குப் பணம் சேரும். திறப்பு விழாவும் நடக்கும். அடுத்த வருடம் குழாய் உடைந்தால் திருத்த ஆள் இருக்காது. உடல் நமக்குக் காட்டுவது கட்டும் வேலையை அல்ல, பராமரிக்கும் வேலையை. சிறுநீரகம் ஒரு நாள் உழைத்துவிட்டு ஓய்வெடுப்பதில்லை. ஆகவே மாணவியர் மலசலகூடத்துக்குத் தண்ணீர், தாழ்ப்பாள், சவர்க்காரம், மூடியுள்ள குப்பைத் தொட்டி, சுத்தம் செய்பவருக்கு ஒழுங்கான சம்பளம் ஆகியவற்றுக்கு மாதாமாதம் ஒரு நிதி வைப்போம். கொழும்பிலோ கனடாவிலோ மத்திய கிழக்கிலோ இருப்பவர்கள் சிறு தொகை அனுப்பினாலும் போதும், அது தவறாமல் வந்தால்.

அந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கட்டும். மிச்சக் கணக்கை அவர்களின் உடல் பார்த்துக்கொள்ளும்.