வெயில் விளைவிக்கும் உப்பு

சூரிய சக்தி என்றதும் மொட்டைமாடி சோலார் பலகைதான் நினைவுக்கு வரும். ஆனால், இட்லி மாவில் நீங்கள் போட்ட உப்பும் சூரிய சக்தியில் விளைந்ததுதான்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் காய்ச்சி எடுப்பதென்றால் எவ்வளவு விறகு வேண்டும்! அங்கே விறகு இல்லை. வெயில்தான் அடுப்பு.

உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி விடுவார்கள். வெயில் ஏற ஏற நீர் வற்றும், அடர்த்தி கூடும். உப்புக்கு முன்பே அடியில் படிவது ஜிப்சம். அது படிந்த பிறகே நீரைக் கடைசிப் பாத்திக்கு விடுவார்கள். அங்கேதான் உப்பு பூக்கும். முழுக்க வற்ற விடவும் கூடாது. விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அந்தப் பதம் பார்த்து வாருவதில் இருக்கிறது கைத்திறன்.

வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த வெயிலில் நிற்பவர்களின் பாடு அப்படியல்ல. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசவைக்கும். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும். கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் காலணியும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்தாக வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கினால் உப்பு வாரும் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது.