ஏடும் தொழிலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கல்லூரிப் படிப்பை எள்ளி நகையாட இதை எடுத்துக் காட்டுவோர் உண்டு. இது பாதி உண்மை என்பதே என் கருத்து. மறுபாதியை விளக்க, மென்பொருள் துறையின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் வரிவரியாக எழுதித் தரும் கட்டளைகளே மென்பொருள். செயற்கைக் கோளின் பாதையைக் கணக்கிடும் மென்பொருளில் ஒரு வரி பிழைத்தாலும் பெரு நட்டம் விளையக்கூடும். அத்தகைய பணியில் ஈடுபட்டிருந்தது அமெரிக்காவில் நாசாவின் காடார்டு விண்வெளி மையம். 1976-ஆம் ஆண்டில் அம்மையமும், அருகிலிருந்த மேரிலாந்துப் பல்கலைக் கழகமும், கம்ப்யூட்டர் சயன்ஸஸ் கார்ப்பரேஷன் என்ற தொழில் நிறுவனமும் கூடி ஓர் ஆய்வகம் அமைத்தன. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது நடைபெற்றது. மென்பொருள் எழுதுவோர் தம் பிழைகளை மறைக்காமல் படிவங்களில் குறித்துக் கொடுத்தனர். பேராசிரியர்கள் அவற்றை ஆராய்ந்தனர்.

பிழை காண்பதற்கு வழிகள் பல. எழுதியதைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டாமலே, நூலைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்துப் பொருள் காணலாம். எது சிறந்தது? விக்டர் பாசிலி, ரிச்சர்டு செல்பி என்ற இரு அறிஞர்கள் 74 பேரைக் கொண்டு சோதித்து, 1987-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் 42 பேர் மாணவர். 32 பேர் தொழில் வல்லுநர். வல்லுநரிடையே, படித்துப் பார்க்கும் முறையே மிகுதியான பிழைகளைக் கண்டுபிடித்தது. மாணவரிடையே அந்த உயர்வு அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. மாணவரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும் அல்லவா?

ஆயினும், அன்றாடப் பணியில் படித்துப் பார்ப்பது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பின்னால் ஓட்டிப் பார்க்கத்தானே போகிறோம் என்ற எண்ணத்தால் எவரும் ஊன்றிப் படிக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் கருதினர். எழுதியவரே ஓட்டிப் பார்க்கலாகாது என விதிக்கும் ‘கிளீன்ரூம்’ முறை அப்போது உருவாகியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹார்லன் மில்ஸ் வகுத்த முறை அது. மூவர் மூவராகச் சேர்ந்த 15 மாணவர் குழுக்களைக் கொண்டு அதைப் பல்கலைக் கழகத்தில் முதலில் சோதித்தனர். பின்னர் காடார்டு மையத்தின் மெய்யான பணிகளில் கையாண்டனர். தொழிற்கூடத்தில் எழுந்த ஐயம் வகுப்பறைக்குச் சென்று, விடையோடு தொழிற்கூடத்துக்கே மீண்டது.

மாணவ நண்பர்களே, இத்தகைய கூட்டுறவு எளிதில் கைகூடுவதன்று. தொழில் நடத்துவோர் தம் பிழைகளைத் திறந்து காட்டும் துணிவு பெற வேண்டும். ஆராய்ச்சியாளர், தம் முடிவு நடைமுறையில் பொய்த்தால் அதை ஒப்புக்கொள்ளும் பணிவு பெற வேண்டும். நாளை நீங்கள் இவ்விரு சாராரில் எவராக இருந்தாலும், மற்றவரின் வாயிலைத் தட்டத் தயங்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால், கொல்லையில் காய் பிஞ்சிலே வெம்பும்போது, காரணம் தேட ஏட்டைத்தானே புரட்ட வேண்டியிருக்கிறது?