சிதைந்த எழுத்தைச் சிதைந்ததென்றே குறிப்போம்

நாம் கூடியிருக்கும் திருவனந்தபுரத்தின் இந்த வலியசாலைதான் பழைய காந்தளூர்ச் சாலை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அச்சாலையை ஒட்டி வரும் ‘கலம்’ கப்பலா, உண்கலமா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. பொருளில்தான் ஐயம், எழுத்தில் ஐயமில்லை. எழுத்திலேயே ஐயம் வந்தால், கல்வெட்டைப் பதிப்பிப்பவர் சிதைந்த எழுத்தைச் சிதைந்ததென்றே குறிப்பார். தாம் ஊகித்து நிரப்பியதை அடைப்புக்குறிக்குள் வைப்பார். புரதப் படிகவியலுக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும் என்பதே என் வாதம். நமக்கு அது கூடுதலாகவே வேண்டும். ஏனெனில் நாம் எழுத்தைப் படிக்கப் பாய்ச்சும் எக்ஸ்-கதிரே எழுத்தை அழிக்கிறது.

மையோகுளோபின் படிகங்களில் இந்தச் சேதத்தை பிளேக்கும் பிலிப்ஸும் 1962-லேயே அளந்தார்கள். ஆனாலும் விளிம்பு நோக்கிய சிதறல் புள்ளிகள் மங்கினால்தான் சேதம் என்று நினைக்கும் பழக்கம் நம்மை விடவில்லை. கிரெனோபில் சிங்க்ரோட்ரானில் செய்து 2000-இல் வெளியான ஆய்வுகள் வேறு உண்மையைக் காட்டின: புள்ளிகள் தெளிவாக இருக்கும்போதே டைசல்பைடு பிணைப்புகள் அறுகின்றன, அமிலப் பக்கச் சங்கிலிகளின் கார்பாக்சில் தொகுதிகள் உதிர்கின்றன. உலோகம் தாங்கிய புரதங்களின் நிலை இன்னும் மோசம். ஒளித்தொகுதி இரண்டின் மாங்கனீசு மையம், படிகம் சிதறலை இழப்பதற்கு வெகு முன்பே ஒடுக்கம் அடைந்துவிடுகிறது என்று 2005-இல் தெரியவந்தது. இன்சுலினை நினைத்துப் பாருங்கள். அதன் அமைப்பை 1969-இல் வெளியிட்ட டோரதி ஹாட்ஜ்கின் குழுவில் கேரளத்தின் எம். விஜயனும் இருந்தார். இன்சுலினின் 51 அமினோ அமிலங்களுக்கு இடையே இருப்பவை 3 டைசல்பைடு பிணைப்புகள். முதலில் அறுவதும் அந்த இனப் பிணைப்புதான்.

‘100 கெல்வினில் உறைய வைத்துவிட்டோமே’ என்பது வழக்கமான மறுப்பு. குளிர், தனி உறுப்புகளின் ஓட்டத்தைத் தடுத்துப் படிகத்தின் ஆயுளைப் பலமடங்கு நீட்டுகிறது. எலக்ட்ரான்களின் ஓட்டத்தை அது நிறுத்துவதில்லை. அந்த வெப்பநிலையிலும் படிகம் உட்கொள்ளும் கதிரளவு, அதாவது ஏற்பளவு, 3 கோடி கிரேயைத் தாண்டக் கூடாது என்பது 2006-இல் சோதனை வழியே வகுத்த வரம்பு; குறிப்பிட்ட பிணைப்புகள் அதற்கு மிகக் கீழேயே அறுகின்றன. ‘இந்தூரின் இண்டஸ்-2 போன்ற நம் மூலங்கள் மென்மையானவை’ என்பது அடுத்த மறுப்பு. உறைந்த படிகத்தில் பெரும்பாலும் கணக்காவது உட்கொண்ட மொத்த ஏற்பளவு. மெல்லிய கதிரை நெடுநேரம் பாய்ச்சினாலும் கணக்கு அதேதான். எக்ஸ்-கதிர் லேசர்களின் ஃபெம்டோ நொடித் துடிப்புகள், சிதைவு பரவுமுன் தரவை எடுத்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த லேசர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் அன்றாடப் படிகங்களுக்கு அவை விடையாகா.

ஆகவே ஏற்பளவை முன்கூட்டியே கணக்கிடுவோம்; கதிரைப் படிகத்தின் மீது பரப்பிப் பாய்ச்சுவோம்; தேவைப்பட்டால் பல படிகங்களுக்குப் பங்கிடுவோம். தரவின் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒப்பிட்டு வேறுபாட்டு வரைபடம் வரைந்தால், கந்தக அணுக்கள் மேல் தோன்றும் எதிர்மறை முகடுகள் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும். கணக்கிட்ட ஏற்பளவு தோராயமானதே என்பார்கள். தோராயம் என்று சொல்லியே எழுதலாம். பிரிதிறனை எழுதும் அட்டவணையில் அதற்கும் ஒரு வரி தருவோம் என்ற வேண்டுகோளோடு இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.